ஆழம் தெரிந்து காலை விட

கோலார் தங்கவயலில் ஆழம் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், ஊர்காம் பக்கத்து லைன் வீடுகளில் இன்றும் இருக்கும் பெரியவர்கள் அதை உடம்பால் அறிந்தவர்கள். சங்கு ஊதியதும் கேஜில் ஏறி இருட்டுக்குள் இறங்குவார்கள். ஒரே குழியில் அடிவரை போய்விட முடியாது. நடுவில் இறங்கி, சுரங்கப் பாதையில் நடந்து, வேறொரு குழியில் மறுபடி இறங்க வேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் தொட்ட ஆழம் சுமார் 3.2 கி.மீ. தங்கவயல் ஊரோ கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அப்படிக் கணக்குப் போட்டால், அவர்கள் வேலை செய்த இடம் கடல் மட்டத்துக்கும் இரண்டு கி.மீ.க்கு மேல் கீழே. கடலையே பார்த்திராத பலர் அன்றாடம் கடலடி ஆழத்துக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

ஏறத்தாழ அதே ஆழத்திலிருந்து 2024 ஜனவரியில் வேறொரு செய்தி வந்தது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப் படையின் ஏ.என்.-32 விமானம் வங்காள விரிகுடாவுக்கு மேலே காணாமல் போனது. அதில் இருந்தவர்கள் 29 பேர். கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. ஏழரை ஆண்டுகள் கழித்து, சென்னை தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கி ரோபோ ஒன்று கடலுக்கு அடியில் 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் விமானத்தின் சிதைந்த பாகங்கள் தெரிந்தன. அந்தப் பகுதியில் வேறு எந்த விமானமும் விழுந்ததாகப் பதிவு இல்லை. எனவே அது ஏ.என்.-32 ஆகத்தான் இருக்கும் என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. அந்த 29 குடும்பங்களுக்கும் அன்புக்குரியவர்கள் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் எங்கே என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது.

ஒரே அளவு ஆழம். ஒன்றில் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கினார்கள். மற்றதில் மனித வாடையே இல்லாமல் ஒரு இயந்திரம் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. இந்த வித்தியாசத்துக்குள் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் பழமொழி. கோலாரில் முதலில் காலை விட்டார்கள். ஆழம் பிறகுதான் தெரிந்தது. கடலடியிலோ ஆழம் பார்க்க முதலில் கண்ணை அனுப்பும் வசதி இப்போது வந்திருக்கிறது. அந்த வசதி எப்படி வந்தது, அதை எதற்காகப் பயன்படுத்தப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.

கடலின் ஆழம் பாறையின் ஆழத்தைவிட வேறு மாதிரியான எதிரி. சாம்பியன் ரீஃபின் அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். காற்றைக் குளிரவைத்து அனுப்பப் பெரிய இயந்திரங்கள் வேண்டியிருந்தன. கடலடியில் நேர்மாறு. அங்கே தண்ணீர் சில டிகிரி வெப்பத்தில் உறைநிலையை நெருங்கிக் கிடக்கும். சூரிய ஒளி சில நூறு மீட்டரிலேயே தீர்ந்துவிடும். 1,000 மீட்டருக்குக் கீழே என்றைக்கும் இரவுதான். எல்லாவற்றையும்விடப் பெரியது அழுத்தம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகும். 6,000 மீட்டரில் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் சுமார் 600 கிலோ எடை உட்கார்ந்திருக்கும். கட்டை விரல் நகத்தின் மேல் ஒரு எருமையை ஏற்றி நிறுத்திய மாதிரி.

இந்த இடத்துக்கு அனுப்பப்படும் இயந்திரத்தோடு பேசுவதும் கஷ்டம். ரேடியோ அலைகள் உப்பு நீருக்குள் போகாது. அதனால் செயற்கைக்கோள் வழிகாட்டியும் அங்கே வேலை செய்யாது. எஞ்சியிருப்பது ஒலி மட்டுமே. ஒலி கடல் நீரில் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். ஐந்து கி.மீ. ஆழத்தில் இருக்கும் ரோபோவிடம் கப்பலிலிருந்து ஒரு கேள்வி கேட்டால், பதில் வர ஏழு வினாடி ஆகும். அதிலும் சில சொற்கள்தான் போகும். படங்களை நேரடியாகப் பார்க்க வழியில்லை. கேபிள் கட்டி இறக்கும் ரோபோவை மேலே உட்கார்ந்து ஓட்டலாம். 2010-இல் இதே சென்னை நிறுவனத்தின் ‘ரோசப் 6000’ அப்படித்தான் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் வரை போனது. ஆனால் கயிறு கட்டிய மாடு எவ்வளவு தூரம் மேய முடியும்? பரந்த கடலடியைத் தடவிப் பார்க்க வேண்டுமானால் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும்.

கயிறு இல்லாத ரோபோ தன் புத்தியைத்தான் நம்ப வேண்டும். எங்கே போக வேண்டும், எவ்வளவு உயரத்தில் போக வேண்டும், எதைப் படமெடுக்க வேண்டும் என்பதையெல்லாம் கப்பலிலேயே அதற்குச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அதன் பிறகு அது எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது, எவ்வளவு வேகமாகப் போனது என்று ஒவ்வொரு கணமும் கணக்கு வைத்துக்கொள்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பவர் அடிகளை எண்ணி எண்ணிக் கதவைக் கண்டுபிடிப்பது போல. கடலடியை நோக்கி ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியின் மாற்றத்திலிருந்து தன் வேகத்தைச் சரிபார்க்கிறது. ஆனாலும் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். அவ்வப்போது கப்பலிலிருந்து வரும் ஒலிக் குறிப்பை வைத்துத் திருத்திக்கொள்ள வேண்டும். பார்ப்பதும் பெரும்பாலும் காதால்தான். சோனார் ஒலியைக் கொண்டு தரையின் மேடு பள்ளங்களை வரைந்துகொள்ளும். சந்தேகத்துக்கு இடமான பொருள் தெரிந்தால் பிறகு தரைக்குச் சில மீட்டர் அருகில் போய் விளக்கைப் போட்டுப் படம் எடுக்கும்.

இப்படி ஒன்றைக் கடலில் விடுவதற்கு முன்னால் நடக்கும் சோதனைகள் பொறுமையைச் சோதிப்பவை. முதலில் தனித்தனி உறுப்புகளை இரும்புக் கலத்துக்குள் வைத்து, ஆழ்கடலில் இருக்கும் அழுத்தத்தைச் செயற்கையாக ஏற்றிப் பார்க்கிறார்கள். ஒரு ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டாலும் போதும், எல்லாம் நாசம். பிறகு தொட்டியில் மிதக்கவிட்டு எடையைச் சரிசெய்கிறார்கள். ரோபோ தானாக மிதக்கவும் கூடாது, மூழ்கவும் கூடாது. தண்ணீருக்குள் தராசு முள் மாதிரி நிற்க வேண்டும். அதன்பின் நீர்த்தேக்கம் அல்லது துறைமுகம். அதன்பின் ஆழம் குறைந்த கடல். பிறகு நூறு நூறாக, ஆயிரம் ஆயிரமாக ஆழத்தைக் கூட்டுவது. கோவா தேசியக் கடலியல் நிறுவனம் உருவாக்கிய ‘மாயா’ என்ற சிறிய ரோபோ 200 மீட்டருக்கானது. அளவில் சிறியதானாலும், இந்தத் துறையில் இந்திய விஞ்ஞானிகள் கை பழகியது அதில்தான்.

ஒவ்வொரு கட்டத்திலும் சோதிக்கப்படும் மிக முக்கியமான குணம் வேகமோ கூர்மையோ அல்ல. தப்பு நடந்தால் ரோபோ என்ன செய்யும் என்பதுதான். தண்ணீர் கசிந்தால், பேட்டரி குறைந்தால், தரை மிக அருகில் வந்துவிட்டால், சொன்ன ஆழத்தைத் தாண்டிவிட்டால், அது வேலையைக் கைவிட்டு எடைக் கட்டியைக் கழற்றிப் போட்டு மேலே மிதந்துவிட வேண்டும். மேலே வந்ததும் விளக்கைச் சிமிட்டி, செயற்கைக்கோள் வழியாக இருப்பிடத்தைச் சொல்ல வேண்டும். 2014 ஏப்ரலில் மலேசிய விமானம் எம்.எச். 370-ஐத் தேட இந்தியப் பெருங்கடலின் தெற்கே இறக்கப்பட்ட ‘புளூஃபின்-21’ ரோபோ முதல் பயணத்திலேயே பாதியில் திரும்பி வந்தது. அதன் வரம்பு 4,500 மீட்டர். அங்கே கடல் அதைவிட ஆழமாக இருந்தது. பார்த்தவர்களுக்கு அது தோல்வியாகத் தெரிந்தது. தொழில் தெரிந்தவர்களுக்கோ ரோபோ சொல்பேச்சு கேட்டது தெரிந்தது.

எல்லா ரோபோக்களும் திரும்பி வருவதில்லை. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் நிறுவனத்தின் ‘ஏப்’ நூற்றுக்கணக்கான முறை இறங்கி ஏறிய முன்னோடி. 2010 மார்ச்சில் சிலி நாட்டுக்கு அப்பால் இறங்கியது, மேலே வரவேயில்லை. அதே நிறுவனத்தின் ‘நீரியஸ்’ 2014 மே மாதம் நியூசிலாந்துக்கு வடகிழக்கே கெர்மடெக் அகழியில் சுமார் 9,900 மீட்டர் ஆழத்தில் நொறுங்கியது. பல கோடி ரூபாய் இழப்பு. பல ஆண்டு உழைப்பு வீண். ஆனால் எந்த வீட்டிலும் சாவு விழவில்லை. 2023 ஜூனில் டைட்டானிக் கப்பலைப் பார்க்கப் போன ‘டைட்டன்’ நீர்மூழ்கி நொறுங்கியபோது உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தங்கவயலுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஏனென்றால் அங்கே பாறை வெடிக்கும். பல கி.மீ. கனமுள்ள பாறை தன் எடையைத் தாங்கிக்கொண்டு நிற்கும்போது, நடுவில் தாதுவை எடுத்துக் காலி செய்தால் பாரம் பக்கத்துப் பாறையின் மேல் ஏறும். ஒரு நாள் அது தாங்காமல் வெடிக்கும். மேலே வீட்டில் பாத்திரங்கள் அதிரும். கீழே வேலையில் இருப்பவரின் குடும்பம் குழி வாசலுக்கு ஓடும். பாறையின் போக்கை முன்கூட்டியே அறியக் கருவிகள் வந்தன. 1988-இல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனமே தங்கவயலில்தான் தொடங்கப்பட்டது. ஆனால் அதற்குள் ஒரு நூற்றாண்டு கடந்திருந்தது. ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் சுரங்கங்களைக் கையில் எடுத்தபோது அங்கே அனுப்ப முடிந்த கண் ஒன்றுதான்: வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த ஏழை மனிதனின் கண். அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். கிராமத்தில் நிலமில்லாதவர்களுக்கு நிலத்துக்கு அடியில் வேலை கிடைத்தது.

கருவியை ஆழத்தில் வைத்து நம்பிக் காத்திருக்கும் வேலையும் தங்கவயலுக்குப் புதிதல்ல. வானிலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்களின் தொந்தரவு இல்லாத இடம் தேடி டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் 1951-லேயே இந்தச் சுரங்கங்களுக்கு வந்தார்கள். பாபாவின் யோசனைப்படி முதலில் இறங்கியவர் பி.வி. ஸ்ரீகண்டன். பிறகு எம்.ஜி.கே. மேனன் தலைமையில் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்தன. 1965-இல் சுமார் 2.3 கி.மீ. ஆழத்தில் வைத்த கருவிகள், வளிமண்டலத்தில் பிறந்து பூமியையே ஊடுருவி வரும் நியூட்ரினோ துகளின் தடயத்தைப் பிடித்தன. ஏறத்தாழ அதே நேரத்தில் தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்தில் இன்னொரு குழுவும் அதைக் கண்டது. உலகில் அதற்கு முன் யாரும் அதைக் கண்டதில்லை. விஞ்ஞானிகளின் கருவிகளைக் கீழே இறக்கியதும் அவற்றைச் சுற்றிப் பாறையைத் தாங்கிப் பிடித்ததும் சுரங்கத் தொழிலாளர்களின் கைகள். 1990-களின் தொடக்கத்தில் அந்த ஆராய்ச்சி முடிந்தது.

இன்றைக்கு அதே துகளைத் தேடும் வேலை கடலடிக்கு இடம் மாறியிருக்கிறது. இத்தாலியின் சிசிலித் தீவுக்கு அருகே மத்தியதரைக் கடலில் சுமார் 3,450 மீட்டர் ஆழத்தில் கண்ணாடிக் கோளங்களைச் சரம் சரமாக நிறுத்தியிருக்கிறார்கள். கோலாரில் பாறை செய்த வேலையை அங்கே தண்ணீர் செய்கிறது. 2023 பிப்ரவரியில் அங்கே பதிவான ஒரு நியூட்ரினோ, அதுவரை காணப்பட்டவற்றிலேயே மிக அதிக ஆற்றல் கொண்டது என்று 2025-இல் அறிவித்தார்கள். ஆனால் அந்தச் சரங்களைக் கடலடியில் இணைக்க ஆள் போவதில்லை. ரோபோ போகிறது. ஒரு தலைமுறையில் நடந்த மாற்றம் இது.

இந்தியாவின் புதிய கடலடிக் கண்ணுக்கு ‘ஓ.எம்.இ. 6000’ என்று பெயர். நார்வே நாட்டின் காங்ஸ்பெர்க் நிறுவனம் செய்தது. எடை சுமார் இரண்டு டன். 6,000 மீட்டர் வரை இறங்கும். 2022 டிசம்பரில் ‘சாகர் நிதி’ கப்பலிலிருந்து மத்திய இந்தியப் பெருங்கடலில் இறக்கி 5,271 மீட்டர் ஆழத்தில் தரையைப் பார்வையிட வைத்தார்கள். ஏ.என்.-32 தெரிந்ததும் இந்தச் சென்னை முயற்சியின் பலன்தான். 2024 டிசம்பரில் இந்தியப் பெருங்கடலின் அடியில் சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் கொதிநீரும் தாதுக்களும் பீறிட்டு வரும் ஒரு வெந்நீர் ஊற்றையும் ரோபோவால் படம்பிடித்தார்கள். காணாமல் போனதைத் தேடுவது, யாரும் பார்த்திராததைக் காட்டுவது இரண்டும் அதன் சாதனைகள். ஆனால் அதை வாங்கிய முதல் நோக்கம் வேறு. அது அதன் பெயரிலேயே இருக்கிறது: ‘கடல் தாது ஆய்வாளன்’.

மத்திய இந்தியப் பெருங்கடலின் அடியில் 75,000 சதுர கி.மீ. பரப்பில் தாது தேடும் உரிமை இந்தியாவுக்கு உண்டு. சர்வதேசக் கடலடி ஆணையத்துடன் அதற்கான ஒப்பந்தம் 2002-இல் கையெழுத்தானது. அங்கே தரை முழுவதும் உருளைக்கிழங்கு அளவில் கறுப்புக் கட்டிகள் இறைந்து கிடக்கின்றன. மாங்கனீஸ், நிக்கல், செம்பு, கோபால்ட் எல்லாம் கலந்த கட்டிகள். மொத்தம் 38 கோடி டன் இருக்கலாம் என்பது அரசின் மதிப்பீடு. மின்சாரக் கார்களின் பேட்டரிக்கு நிக்கலும் கோபால்ட்டும் வேண்டும். எனவே 2021-இல் ரூ. 4,077 கோடிக்கு ஆழ்கடல் திட்டம் ஒன்றுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்த ஆண்டு ஏப்ரலிலேயே ‘வராகா’ என்ற சங்கிலிச் சக்கர இயந்திரத்தைக் கடலடியில் 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். மூன்று பேரை 6,000 மீட்டருக்குக் கொண்டு போகும் ‘மத்ஸ்யா’ கலமும் தயாராகி வருகிறது. சென்னைக்கு அருகே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் 2025-இன் தொடக்கத்தில் அதைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள்.

ஆக, கண்ணும் தயார், கையும் ஏறத்தாழத் தயார். தங்கவயலின் அனுபவம் தேவைப்படுவது இங்கேதான்.

அந்தக் கறுப்புக் கட்டிகள் பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மி.மீ. வேகத்தில் வளர்பவை. அவற்றின் மேல் ஒட்டி வாழும் உயிர்களுக்கு அந்தச் சேற்று வெளியில் கெட்டியான இடம் என்று இருப்பது அவை மட்டுமே. 1989-இல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் பெரு நாட்டுக்கு அப்பால் கடலடியை ஒரு கலப்பையால் உழுது வைத்தார்கள். என்ன ஆகும் என்று பார்ப்பதற்காகவே செய்த சோதனை அது. 2015-இல், 26 ஆண்டுகள் கழித்து, ரோபோக்களை அனுப்பிப் பார்த்தார்கள். ஏர் ஓட்டிய தடம் நேற்று ஓட்டியது போல அப்படியே இருந்தது. நிலத்தில் உழுத சால் ஒரு மழையில் கரையும். கடலடியில் மழையும் இல்லை, காற்றும் இல்லை. வணிக ரீதியில் கடலடியைத் தோண்டுவதற்கான விதிகள் 2025 கூட்டங்களிலும் முடிவாகவில்லை. இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ளும் வரை நிறுத்தி வைக்கலாம் என்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கேட்கின்றன.

எதிர்த் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பேட்டரிக்கான தாதுவைக் கடலிலிருந்து எடுக்காவிட்டால் நிலத்திலிருந்து எடுக்க வேண்டும். நிலத்தில் காடு அழியும், ஊர் பெயரும், சுரங்கத்துக்குள் மனிதர்கள் போக வேண்டும். கடலடியில் யாருடைய வீடும் இல்லை. தங்கவயலின் பாறை வெடிப்புகளை நினைத்தால் இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் தங்கவயல் இன்னொன்றையும் சொல்கிறது. சுரங்கத்தின் விலை அது ஓடும்போது மட்டும் கொடுக்கப்படுவதல்ல.

தொடக்க ஆண்டுகளில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கடைசி ஆண்டுகளில் மூன்று நான்கு கிராம். 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் வெளியே போனது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வாங்கிய ஊர், சென்னைக்கும் பெங்களூருக்கும் முன்பே மின் விளக்கைப் பார்த்த ஊர், ஒரே நாளில் வேலை இல்லாத ஊரானது. இன்று அதன் பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் மலை மலையாக ஊருக்கு நடுவே நிற்கிறது. காற்றுக் காலத்தில் அந்தத் தூசி வீட்டுக்குள் வந்து சோற்றில் விழுகிறது. அந்த மேடுகளிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை சம்மதம் தெரிவித்தது.

மேலே இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. கீழே இருப்பது? சுரங்கம் ஓடிய காலம் வரை தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். பம்புகள் நின்றதும் குழிகளில் தண்ணீர் ஏறியது. ஒரு குழியில் மூன்று கி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அதன் அடியில் அழுத்தம் வங்காள விரிகுடாவின் அடியில் இருப்பதற்குச் சமம். ஊருக்குக் கீழே ஒரு குறுகலான, இருண்ட, யாரும் பார்க்காத கடல்.

இத்தகைய கடல்களைப் பார்க்கவும் ரோபோ செய்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் மூடப்பட்டுத் தண்ணீர் நிரம்பிய சுரங்கங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. பலவற்றுக்கு வரைபடம் இல்லை, இருப்பதும் நம்பத்தக்கதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2016 முதல் 2019 வரை நடந்த ‘யுனெக்ஸ்மின்’ திட்டத்தில் ‘யு.எக்ஸ்.-1’ என்ற உருண்டை வடிவ ரோபோ உருவானது. குறுக்களவு சுமார் 60 செ.மீ. எடை சுமார் 112 கிலோ. கேமரா, லேசர், சோனார் எல்லாம் அதற்குள் அடக்கம். பின்லாந்தில் ஒரு பழைய சுரங்கம், ஸ்லோவேனியாவில் இத்ரியா பாதரசச் சுரங்கம், போர்ச்சுகலில் ஒரு யுரேனியச் சுரங்கம் என்று அதைப் படிப்படியாகச் சோதித்தார்கள். கடைசியாக 2019-இல் இங்கிலாந்தின் எக்டன் செம்புச் சுரங்கம். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக மனிதக் கண் படாத குழியை அது படம்பிடித்துக் கொண்டு வந்தது.

ஒரு விதத்தில் இது ஆழ்கடலைவிடக் கடினம். கடலில் ஆபத்து என்றால் எடையைக் கழற்றிவிட்டு மேலே வந்துவிடலாம். சுரங்கத்தில் மேலே போனால் கூரை இடிக்கும். வந்த வழியை நினைவில் வைத்துத் திரும்பி வந்தால்தான் உண்டு. துருப்பிடித்த கம்பிகள், உடைந்த மரத் தாங்கிகள், தொட்டால் கலங்கும் சேறு எல்லாம் வழியில் காத்திருக்கும். யு.எக்ஸ்.-1 தாங்கும் ஆழம் 500 மீட்டர். சாம்பியன் ரீஃபின் அடியைப் பார்க்க அது போதாது. அதற்கு ஆழ்கடல் ரோபோவின் உடம்பும் சுரங்க ரோபோவின் புத்தியும் சேர்ந்த ஒன்று வேண்டும். இரண்டுமே தனித்தனியாகக் கைவந்துவிட்டன. சென்னையிலிருந்து தங்கவயல் ஆறு மணி நேரப் பயண தூரம்கூட இல்லை.

அப்படி ஒன்றை இறக்கிப் பார்த்தால் தங்கம் தெரியும் என்பதல்ல விஷயம். தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது, அது எந்தப் பக்கம் நகர்கிறது, எந்தத் தாங்கி இற்றுப் போயிருக்கிறது, எந்தத் தெருவுக்குக் கீழே பாறை பலவீனமாக இருக்கிறது என்பது தெரியும். தோண்டியவர்கள் போய்விட்டார்கள். வரைபடம் பழையது. மேலே வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. காணாமல் போன 29 பேரின் குடும்பங்களுக்கு எங்கே என்று சொல்ல முடிந்த ஒரு தொழில்நுட்பம், தன் காலடியில் என்ன இருக்கிறது என்று ஒரு ஊருக்குச் சொல்வதும் நியாயம்தான்.

கடலடி விஷயத்திலும் இதே வரிசைதான் சரி. ரோபோ முதலில் பார்க்கட்டும். ஒரு முறை அல்ல; அதே இடத்தைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பார்க்கட்டும். எடுத்த படங்களும் அளவுகளும் மக்கள் பார்வைக்கு வரட்டும். தோண்டுவதா வேண்டாமா, எங்கே, எவ்வளவு, முடிந்த பிறகு யார் பொறுப்பு என்பதை அதன் பிறகு பேசலாம். ரோபோவுக்குப் பசியும் இல்லை, பயமும் இல்லை. அதை அவசரப்படுத்துவது எப்போதும் மேலே இருக்கும் மனிதர்கள்தான்.

சாம்பியன் ரீஃபில் கேஜை இறக்கி ஏற்றிய இரும்புக் கோபுரங்கள் நின்றுவிட்டன. கீழே போய் வந்தவர்களில் பலர் சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டு இறந்தார்கள். இருப்பவர்கள் பேரப்பிள்ளைகளிடம் ஆழத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் பெங்களூரில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து இயந்திரங்களுக்குப் புத்தி சொல்லிக் கொடுக்கும் வேலை பார்க்கிறார்கள். தாத்தா இறங்கிய குழிக்குள் பேரன் எழுதிய நிரல் ஒரு நாள் இறங்கலாம். அப்போது தண்ணீருக்கு அடியில் என்ன தெரிந்தாலும், குழி வாசலில் யாரும் அழுதுகொண்டு காத்திருக்க வேண்டியிருக்காது.